பதினெட்டாம் அறைப் பூச்சிகள்

விடுதிக் காப்பாளராக வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, குளியலறையில் வாளியை நகர்த்தியபோது அதன் பின்னால் ஒரு நட்டுவாக்காலி இருந்தது. அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, உயிரோடு ஒன்றைப் பார்த்ததில்லை. என் கையை விரித்து வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். எண்ணெய் தடவிய இரும்புபோல மினுங்கும் கறுப்பு. முன்கொடுக்குகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. நான் சேலம் டவுனில் பிறந்து, கல்யாணமாகியும் அங்கேயே இருந்தவள். கரப்பான், பல்லி, கொசு, மழை பெய்தால் ஈசல். நாற்பத்தைந்து வயதுவரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் கத்தியதில் பத்துப் பன்னிரண்டு மாணவிகள் கதவருகே கூடிவிட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை. அவர்களை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். பதினெட்டாம் அறையில் இருப்பவள், சிவில் இரண்டாம் ஆண்டு. தலையில் ஈரத்துண்டு கட்டியிருந்தாள். ஒரு கையில் குப்பை அள்ளும் முறம், மறு கையில் பிளாஸ்டிக் மக்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேம். யாராச்சும் செருப்பக் கிருப்பத் தூக்கி வீசிப்போடாதீங்க."

மக்கை அதன்மேல் கவிழ்த்தாள். முறத்தை அடியில் மெதுவாகச் செருகினாள். மக்குக்குள் கீறும் சத்தம் கேட்டது. அப்படியே பின்வாசல் வழியாகக் கொண்டுபோய், வேலிக்கு அந்தப்பக்கம் மரவள்ளிக் காட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

"கொட்டியிருந்தா?" என்று கேட்டேன். 

"நல்லா வலிக்குமுங்க. ஆனா ஒண்ணும் ஆகாது. சின்னதா செவப்பா ஒரு தேள் இருக்குதுங்களே, அதுதான் மோசம்."

சொல்லிவிட்டு வகுப்புக்கு நேரமாகிறதென்று போய்விட்டாள்.

திருச்செங்கோட்டுக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவே இருக்கிறது அந்த விடுதி. ஒரு பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதி. மூன்று பக்கம் மரவள்ளி, ஒரு பக்கம் மழை பெய்தால் மட்டும் நிறையும் ஏரி. மகன் கோவைக்குப் படிக்கப் போனபிறகு, பகல் முழுக்க வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல்தான் இந்த வேலைக்கு எழுதிப்போட்டேன். என் கணவர் சேலத்தில் அச்சகம் வைத்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன், ஞாயிறு சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பிவிடுவேன். மற்ற நாளெல்லாம் நூற்றுச் சொச்சம் பெண்களும் நானும், அவர்களைவிட அதிகமான பூச்சிகளும்.

அந்த முதல் ஆறு மாதத்தில் நான் பார்த்தவற்றைச் சேலத்தில் யாரிடம் சொன்னாலும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்றே நினைத்தார்கள். துவைத்த துணி உலரும் கொடியில், துணிக்கிளிப்போடு கிளிப்பாகப் பச்சை நிறக் கும்பிடுபூச்சி ஒன்று உட்கார்ந்து என் விரலைத் திரும்பிப் பார்த்தது. என் தலையணை உறைக்குள் ஒரு சாண் பூரான் இருந்தது. சமையற்கட்டு ஜன்னலில் குளவி மண்கூடு கட்டியது. அதைச் சமையல்காரம்மா உடைத்து, உள்ளே உயிரோடு மயங்கிக் கிடந்த சிலந்திகளைக் காட்டினார். மல்லசமுத்திரத்திலிருந்து காலை ஐந்து மணிக்கு மொபெட்டில் வருகிறவர். நான் ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓடுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"ஏனுங்க மேடம், இதுக்கெல்லாம் எந்திரிச்சு ஓடுனா சோறு திங்க முடியுமுங்களா? தட்டத் தூக்கிக்கிட்டே ஓடோணும்."

கொஞ்சம் கொஞ்சமாக ஓடுவது குறைந்தது. பழகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். எப்போது எது வந்தாலும் பதினெட்டாம் அறைப் பெண்ணைக் கூப்பிடலாம் என்பது தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அவளும் மக்கும் முறமுமாக வருவாள். எதையும் கொல்லமாட்டாள். கருணை என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த ஆளை வழி சொல்லி அனுப்புகிற மாதிரி ஒரு முறை.

ஒருநாள் அறைகளைப் பார்வையிடப் போனபோது, அவளுடைய அலமாரியிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. கேட்டேன். மூடியில் துளை போட்ட சோப்பு டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே மூக்கின்மேல் கொம்பு வைத்த, கட்டைவிரல் பருமன் வண்டு. வாழைப்பழத் துண்டின்மேல் ஏறி நின்றது.

"எங்க தென்னந்தோப்புல இதுங்கதான் மேம் குருத்தத் தின்னு மரத்தையே கொல்லும். எருக்குழியக் கிளறி இதோட புழுவப் பொறுக்குறதுதான் சின்ன வயசுல எனக்கு வேலை. எங்கப்பாவுக்கு இதக் கண்டாலே ஆகாது."

"அப்புறம் எதுக்கு இங்க வச்சிருக்க?"

"எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கலாம்னுங்க. ஊட்டுல பாக்க உடமாட்டாங்க. ரெண்டு நாள்ல வெளிய உட்டுர்றேன்."

அவளோடு அந்த அறையில் இருந்தவள் கட்டிலில் படுத்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராசிபுரத்துப் பெண், வீட்டில் ஜவுளி வியாபாரம். உனக்கு இது தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன். "சத்தம் மட்டும்தான் மேம்" என்றாள். விட்டுவிட்டேன்.

தீபாவளி முடிந்து விடுதி திறந்த வாரம் மழை பிடித்தது. ஏரியில் தண்ணீர் ஏறியது. சாயங்காலம் ஆறரை மணிக்கு வராந்தா டியூப்லைட்டுகளைப் போட்டால் அரைமணி நேரத்தில் தரையே தெரியாது. ஈசல், விட்டில், வண்டு, பச்சைத் தத்துப்பூச்சி. உள்ளங்கை அகலத்தில், உலர்ந்த இலைபோல் தட்டையான ஒரு தண்ணீர்ப்பூச்சி பொத்தென்று விழும். முதல் தடவை அது விழுந்தபோது, கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்ற மூன்று பெண்கள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். "இது மட்டும் நெசமாவே கடிக்குமுங்க மேம், முன்னாடி கை வைக்காதீங்க" என்றபடி பதினெட்டாம் அறைப் பெண் அதைப் பின்பக்கமாகப் பிடித்து எடுத்துப்போனாள். நாங்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டே நடந்தோம். பெரியது எது, எங்கிருந்து விழும் என்பதிலேயே கண் இருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை ராசிபுரத்துப் பெண் என் அறைக்கு வந்தாள். கழுத்தின் இடப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்து, நடுவில் பொடிப்பொடியாகக் கொப்புளம். கம்பியைக் காய்ச்சி இழுத்தமாதிரி நேர்க்கோடு.

"அயர்ன் பாக்ஸ் பட்டுச்சா?"

"இல்ல மேம். நேத்து காலைல எரிச்சல் மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு இப்படி."

மறுநாள் இன்னும் மூன்று பேர். ஒருத்திக்குக் கன்னத்தில், ஒருத்திக்குக் கண்ணுக்குப் பக்கத்தில், ஒருத்திக்கு முழங்கையில். சனிக்கிழமை எட்டுப் பேர். விடுதியில் பேச்சு கிளம்பிவிட்டது. யாரோ கெமிஸ்ட்ரி லேபிலிருந்து ஆசிட் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கலந்துவிட்டது என்றார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் கொப்புளம் வந்தவளின் அம்மா போனில் என்னைப் பேசவிடவே இல்லை. "பொம்பளப் புள்ளைங்க மூஞ்சிங்க இது. என்னமோ உரசிக்கிச்சுங்கறீங்க. எது உரசுச்சுன்னு சொல்லுங்க" என்றார்.  அந்த வாரம் நான் சேலத்துக்குப் போகவில்லை.

எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்வதில் சிரமமில்லை. அப்போது எனக்கே அது தெரியவில்லை. முதலில் வந்தது பதினெட்டாம் அறையில். பதினெட்டாம் அறையில் பூச்சி வளர்க்கிற பெண் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை போய் அவளுடைய அலமாரியைத் திறக்கச் சொன்னேன். சோப்பு டப்பா அங்கேயே இருந்தது, உள்ளே மறுபடி ஒரு கொம்பு வண்டு. அதோடு இரண்டு ஜாம் பாட்டில்கள். ஒன்றில் முருங்கை இலையும் கம்பளிப்பூச்சியும், மற்றதில் வெறும் மண்.

"இதெல்லாம் என்ன?"

"மேம், கொம்பு வண்டு யாரையும் கடிக்காதுங்க. அது வாய் குருத்தத் தின்னத்தான் ஆகும்."

"கம்பளிப்பூச்சி?"

"அது பட்டா அரிக்குமுங்க. ஆனா நான் பாட்டிலத் தொறக்கவே இல்ல. அதுவுமில்லாம கம்பளிப்பூச்சி பட்டா இப்படிக் கோடா வராது, தடிச்சுத் தடிச்சு வரும்."

"உனக்கு ஏன் வரல? இவளுக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

அவள் அறைத்தோழியைப் பார்த்தாள். ராசிபுரத்துப் பெண் கழுத்தில் கையை வைத்தபடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் மூடியிருந்தது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டப்பாவையும் பாட்டில்களையும் சமையல்காரம்மாவிடம் கொடுத்து அப்புறப்படுத்தச் சொன்னேன். கல்லூரி அலுவலகத்துக்கு, அறையில் பூச்சிகள் வைத்திருந்ததால் சக மாணவிகளுக்குப் பாதிப்பு ஏற்பட்டதாக ஒரு கடிதம் எழுதினேன். அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்து, ஒரு வாரம் வீட்டில் வைத்திருக்கும்படி சொன்னேன்.

அவர் ரிக் லாரியில் போய் ஆழ்துளைக் கிணறு போடும் வேலை செய்கிறவர். தீபாவளிக்கு வந்தவர், அடுத்த நாள் மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்ப இருந்தார். மதியமே பைக்கில் வந்துவிட்டார். வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர். நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார்.

"ஏனுங்க மேடம், எம்புள்ளையாலதான்னு உறுதியாத் தெரியுமுங்களா?"

"வேற எப்படிங்க வரும்? அவ அலமாரில இருந்ததப் பாத்தேன்."

"சரிங்க" என்றார். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். கேட்டைத் தாண்டும்போது என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

அவள் போனபிறகும் கொப்புளம் நிற்கவில்லை. திங்கட்கிழமை நான்கு பேர், செவ்வாய்க்கிழமை ஆறு பேர். அறை மாறி அறை, மாடி மாறி மாடி. நான் அந்தக் கணக்கைப் பார்க்காமல் இல்லை. கம்பளிப்பூச்சியின் ரோமம் மிச்சம் மீதி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பதினெட்டாம் அறையை இரண்டு தடவை பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வராந்தா மேஜையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே டியூப்லைட். முழங்கை மடிப்பில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மடக்கித் தேய்த்துவிட்டேன்.

புதன்கிழமை மதியம் எரிச்சல் ஆரம்பித்தது. வியாழக்கிழமை காலை முழங்கை மடிப்பின் மேலும் கீழும் ஒரே அளவில் இரண்டு புண்கள். மையில் நனைத்த தாளை மடித்துப் பிரித்ததுபோல் ஒன்றின் அச்சு இன்னொன்றில். வெந்நீர் பட்டமாதிரி காந்தியது. திருச்செங்கோட்டில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். இளம்வயதுக்காரர். கையை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

"விடுதிலீங்களா வேலை? பக்கத்துல ஏரி, வயல் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்கு."

தன் போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மெல்லிய நீளமான வண்டு. தலையும் வாலும் கறுப்பு, நடுவில் ஆரஞ்சுச் சிவப்பு. "நெசத்துல இது ஒரு அரிசி நீளந்தானுங்க. பாத்தா எறும்புன்னுதான் நெனைப்பீங்க. மழ பேஞ்சா வெளக்குக்கு வரும். இது கடிக்கவும் கடிக்காது, கொட்டவும் கொட்டாது. நாமதான் நசுக்குறோம். நசுக்குனா உள்ள இருக்குற நீர் பட்டு இப்படி வெந்துபோகும். ஒரு நாள் கழிச்சுத்தான் தெரியும். அதனால யாருக்கும் எதனாலன்னு புரியாது."

"நிறையப் பிள்ளைங்களுக்கு இருக்கு டாக்டர்."

"இருக்கும். இந்த மாசம் முழுக்க இதேதான் பாத்துட்டிருக்கேன். மேல ஏறுனா அடிக்காம ஊதி உட்டுரச் சொல்லுங்க. பட்டுட்டா உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. படுக்கற நேரத்துல வெள்ள லைட்டக் கொறைங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கையைவிட வேறெதுவோ அதிகமாக உறுத்தியது. அன்று சாயங்காலம் விளக்குப் போட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே பார்க்காமல் கீழே பார்த்தேன். ஈசல் இறகுகளுக்கு நடுவே அவை இருந்தன. ஒன்றிரண்டல்ல. வாலைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக ஓடின. பதிவேட்டின்மேல் ஒன்று ஏறியது. இரண்டு வாரமாக நான் விரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்த எறும்புகள். ராசிபுரத்துப் பெண்ணின் கட்டில் ஜன்னலோரம், தலைமாட்டில் வெளிவிளக்கு. மற்றவளின் கட்டில் கதவுப் பக்கம், அதுவும் அவள் எதையும் நசுக்குகிற பழக்கம் இல்லாதவள். நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

மறுநாளே ஜன்னல்களுக்கு வலை அடித்தோம். வராந்தாவில் மஞ்சள் பல்பு போட்டோம். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் நிறுத்தி, மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். போன வாரம் ஒரு மாணவியை வீட்டுக்கு அனுப்பியது என் தவறு என்றும் சொன்னேன்.  பின்வரிசையில் யாரோ தட்டைக் கரண்டியால் தட்டினார்கள். அது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் புதிதாக வருவது அநேகமாக நின்றுவிட்டது.

அலுவலகத்துக்குப் போய், நான் கொடுத்த கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். ஃபைலில் சேர்த்தாகிவிட்டது, எடுக்க முடியாது என்றார் குமாஸ்தா. அதனால் இன்னொரு கடிதம் எழுதி, முதல் கடிதத்தில் உள்ளது முழுக்கத் தவறு என்று குறிப்பிட்டு, அதன் மேலேயே கோத்து வைக்கச் சொன்னேன். என் கண்முன்னே கோக்கும்வரை அங்கேயே நின்றேன்.

அவள் திங்கட்கிழமை காலை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். என் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கையைக் காட்டினேன், நடந்ததைச் சொன்னேன், மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் முழங்கையைக் குனிந்து பார்த்தாள். புண் காய்ந்து கருக்கத் தொடங்கியிருந்தது.

"அந்த டப்பா எங்கீங்க மேம்?"

சமையல்காரம்மாவிடம் முன்பே கேட்டிருந்தேன். பின்பக்கம் குப்பையில் கொட்டியிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள் வந்து கொத்தியிருக்கின்றன. அதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நான் சொன்னத ஒருதடவ கேட்டிருக்கலாமுங்க."

"கேட்டிருக்கணும்."

பையைக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்கு ரூம் மாத்திக் குடுத்துருங்க மேம்" என்றாள். கொடுக்கிறேன் என்றேன். "இன்னொண்ணுங்க. எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா, எம்மேல தப்பில்லைன்னு நானே சொல்லிக்கற மாதிரி இருக்கும். வண்டில போறப்ப ஒரு வார்த்த பேசல அவரு. ஊரு போயும் பேசல."

அவள் எதிரிலேயே நம்பரைப் போட்டேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தபோது போன் முழுக்க இரைச்சல். கம்ப்ரசர் ஓடும் சத்தம், பாறையை இரும்பு குடையும் சத்தம்.

"ஹலோ! ஹாஸ்டல் மேடம் பேசறேங்க!"

"கேக்கலீங்க! புள்ளைக்கு ஏதாச்சுமுங்களா?"

"இல்லங்க! பூச்சி! அது வேற பூச்சிங்க! உங்க பொண்ணு மேல தப்பில்ல!"

"என்ன பூச்சிங்க?"

நான் கத்துவது வராந்தாவரை கேட்டிருக்கும். அவள் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம், "ஒரு நிமிசம் இருங்க, ராடு மாத்தப் போறாங்க, சத்தம் நிக்கும்" என்றார். காத்திருந்தேன். இரைச்சல் மெல்லத் தணிந்து நின்றது. யாரோ இந்தியில் ஏதோ சொல்வது தூரத்தில் கேட்டது.

"இப்பச் சொல்லுங்க."

சொன்னேன். என் கையில் வந்ததை, மருத்துவர் சொன்னதை, நான் பார்க்காமல் விட்டதை, கடிதம் எழுதியதை, திருத்தியதை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை.  

"நானும் அவகிட்ட என்னன்னு கேக்கலீங்க" என்றார். "அந்த வண்டக் கண்டா எனக்கு ஆகாது, பத்து மரம் போயிருச்சு அதால. அந்தக் கோவத்துல கேக்காமயே கூட்டிட்டு வந்துட்டேன். பக்கத்துல இருக்குறாளுங்களா?"

போனை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். "ம்" என்றாள். "சாப்ட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள், வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நீங்க வேலையப் பாருங்கப்பா" என்றபோது அந்தப் பக்கம் கம்ப்ரசர் மறுபடி ஓடத் தொடங்கியது எனக்கும் கேட்டது. போனை மேஜைமேல் வைத்தாள்.

"உங்க கை ஆறிருச்சாங்கன்னு கேட்டாரு" என்றாள்.

"ஆறிட்டு வருதுன்னு சொல்லு."

"சொல்லிட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு, முதல் வகுப்பு தொடங்கிவிட்டதென்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.